மூணு வரி போதும்

திருப்பூர்
2.9.2025

சரவணா,

அம்மாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை.

இன்னைக்கு நம்மகிட்ட நூல் வாங்குற அவினாசி ரோட்டுப் பார்ட்டி போன் போட்டார். "பஞ்சு இறக்குமதி வரி விலக்கை டிசம்பர் 31 வரைக்கும் நீட்டிட்டாங்களாமே, தம்பி அனுப்புன மெசேஜுல செப்டம்பர் 30னுதானே இருந்துச்சு"ன்னு கேட்டார். ஆகஸ்ட் 19ஆம் தேதி காலையிலேயே நீ அனுப்பினதை அவர் மெச்சினது எனக்குப் பெருமைதான். ஆனா 28ஆம் தேதி அரசு நீட்டினப்ப நீ ஒண்ணும் அனுப்பலை. முதல் சேதி சொன்னவன்தான் திருத்தமும் சொல்லணும் கண்ணு. இல்லேன்னா அடுத்ததைத் திறந்தே பார்க்க மாட்டாங்க.

11 சதவீத வரி போனா நூலும் அவ்வளவு இறங்கும்னு தோணுற மாதிரி எழுதாதே. வெளிநாட்டுப் பஞ்சு கப்பல்ல வந்து, மில்லுல ஓடி, நூல் சுத்தின கோனா வெளிய வர மாசக்கணக்காகும். உன் பேச்சை நம்பி பார்ட்டி ஆர்டரை நிறுத்தி வைப்பார். ஒண்ணாம் தேதி மில் சொல்ற நூல் ரேட் இறங்கலேன்னா பழி உன் மேலதான்.

எல்லாருக்கும் மொத்தமாத் தள்ளாதே. எந்தப் பார்ட்டிக்கு எந்த நாட்டு ஆர்டர், எந்தக் கவுண்ட் (நூலோட சன்ன அளவு), எத்தனை நாள் பேமெண்ட், எல்லாம் பச்சை நோட்டுல இருக்கு. சேதி யாரைத் தொடுதோ அவருக்கு மட்டும் மூணு வரி: என்ன மாறுது, எந்தத் தேதியில இருந்து, உங்க சரக்குல எது. அமெரிக்காவுக்கு ஏத்துறவர்கிட்டப் போய் 50 சதவீத வரி வந்துருச்சேன்னு சொல்லி என்ன பிரயோஜனம்? ஆகஸ்ட் 27க்கு முன்னாடி கப்பல் ஏறி, செப்டம்பர் 17க்கு முன்னாடி அங்க கிளியர் ஆகுற சரக்குக்குப் அந்த 50ல புதுசா ஏத்தின 25 சதவீதம் கிடையாது. "கப்பல் ஏறுன தேதியைப் கப்பல்காரர் குடுத்த பில் ஆஃப் லேடிங் ரசீதுல பார்த்துக்குங்க"ன்னு எழுது. அது அவருக்குக் காசு.

நாளைக்கு ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடுது. செயற்கை நூலுக்கு வரி குறையும்னு பேச்சு. முடிவும் அமலாகுற தேதியும் தெரியாம ஒரு வரி அனுப்பாதே. சனிக்கிழமை சம்பள நாள், அன்னைக்கு யாரையும் தொந்தரவு பண்ணாதே. அதே மெசேஜுல பாக்கியைக் கேக்கவே கேக்காதே. அப்புறம் உன் பேரைப் பார்த்தாலே பாக்கின்னுதான் நினைப்பாங்க.

சொல்ற நான் அப்படி நடந்துக்கலை. 2011 ஜனவரியில ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்ப நான் போட்ட போன் பூரா வசூலுக்குத்தான். எப்படிச் சமாளிக்கிறீங்கன்னு ஒருத்தரைக்கூடக் கேக்கலை. உன்கிட்டயும் அதேதான் சாமி. சித்திரைக்கு அப்புறம் நாலு தடவை பேசினேன், நாலும் கணக்கு.

நீ மொத்தமா அனுப்புறதுல என் நம்பரும் இருக்கு. காலையில ஏழரைக்கு அது வந்தா, நீ எந்திரிச்சு வேலையைப் பார்க்குறேன்னு அம்மா அடுப்படிக்குப் போயிருவா. பத்து நாளா வரலை. இனி ஆள் பார்த்து அனுப்பினாலும் என் நம்பரை எடுத்துறாதே.

அப்பா