தலையில் அடிபட்ட பிள்ளையை அன்றைக்கே ஆட இறக்க வேண்டாம்: நான்காவது மனு

பெறுநர்: மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்

பொருள்: அணி விளையாட்டுகளில் தலையில் அடிபடும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான பாதுகாப்புச் சுற்றறிக்கை கோருதல்.

பார்வை: இதே பொருளில் நான் கொடுத்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் மகன் அடிபட்ட பள்ளி மைதானம் தாங்கள் பரிசளிக்க வந்துபோன இடம்தான். கோல் கம்பத்தை ஒட்டியே சுவர் இருப்பது தங்களுக்குத் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன், கால்பந்தைத் தலையால் முட்டப்போய் இன்னொரு பையனின் தலையில் மோதி விழுந்தான். மயக்கம் இல்லை. முகத்தில் தண்ணீர் தெளித்து, "ஒன்றுமில்லை, ஆடு" என்று ஐந்து நிமிடத்தில் இறக்கிவிட்டார்கள். மிச்ச ஆட்டம் முழுக்க ஆடியிருக்கிறான். வீட்டுக்கு வந்து ஷூ கயிற்றைக் கையில் பிடித்தபடி, "அம்மா, யார் ஜெயித்தது?" என்றான். "நீங்கள்தான்டா" என்றேன். கால் மணி நேரத்துக்குள் அதே கேள்வியை மூன்று முறை கேட்டான், அப்புறம் வாந்தி. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் இது மூளை அதிர்வு, அதாவது அடியில் மூளை உள்ளே குலுங்கிப்போனது என்றார் டாக்டர். மூன்று வாரம் ஜன்னல் வெளிச்சம்கூடத் தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான்.

1. மயக்கம் போட்டால்தான் ஆபத்து என்று மைதானத்தில் எல்லோரும் நம்புகிறார்கள். மூளை அதிர்வு வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு மயக்கமே வருவதில்லை. சிலருக்குத் தலைவலியும் குழப்பமும் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். ஹெல்மெட் மண்டை உடையாமல் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது.

2. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால் மூளை வீங்கி உயிரே போகலாம். அரிதுதான், ஆனால் அப்படி உயிர் போவது பெரும்பாலும் இந்த வயதுப் பிள்ளைகளுக்குத்தான். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயதுப் பையன் ஒருவன் அடிபட்ட அன்றே மறுபடி ஆடி வாழ்நாள் முழுக்க முடங்கும் நிலைக்குப் போன பிறகு, தலையில் அடிபட்ட பிள்ளையை மருத்துவ அனுமதி இல்லாமல் மறுபடி இறக்கக் கூடாது என்று 2009இல் அங்கே சட்டம் வந்தது. 2014க்குள் 50 மாநிலங்களிலும் வந்துவிட்டது. டெஸ்ட் கிரிக்கெட்டில்கூட 2019 முதல் மூளை அதிர்வு ஏற்பட்டவருக்குப் பதிலாக இன்னொருவரை இறக்கலாம். சம்பளம் வாங்கி ஆடுகிறவருக்கு இருக்கிற பாதுகாப்பு பள்ளிப் பிள்ளைக்கு ஏன் இல்லை ஐயா?

3. அடிபட்ட பிள்ளையை ஆட்டத்துக்குத் திரும்பக் கொண்டுவரும் முறை இதுதான்: ஓரிரு நாள் ஓய்வு, பிறகு லேசான நடை, ஓட்டம், மோதல் இல்லாத பயிற்சி, டாக்டர் சரி என்றபின் முழு ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். இந்த வயதில் குணமாக நான்கு வாரம்வரை ஆகலாம். இதற்குப் பணமே தேவையில்லை.

4. முதல் மனுவுக்கு "பரிசீலனையில் உள்ளது" என்றார்கள், இரண்டாவதற்குப் பதிலே இல்லை, மூன்றாவது எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்டால் சொல்ல ஆளில்லை, இதற்கிடையில் போன வாரம் அதே மைதானத்தில் கோல் கம்பத்தில் இன்னொரு பிள்ளை தலை மோதி, அவனையும் தண்ணீர் தெளித்துத்தான் அனுப்பினார்கள், அவன் அம்மா என்னிடம் வந்து "உங்கள் பையனுக்கு எப்படி ஆரம்பித்தது?" என்று கேட்கிறார், நான் என்ன சொல்வது? எத்தனை பிள்ளை விழ வேண்டும்?

5. சுற்றறிக்கை. ஒரே ஒரு பக்கம்.

கோபமாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். தலையில் அடிபட்ட மாணவனை, மாணவியை அன்றைக்கு மறுபடி இறக்கக் கூடாது, டாக்டர் கையெழுத்து இல்லாமல் மறுநாளும் இறக்கக் கூடாது என்று எல்லாப் பள்ளிகளுக்கும் எழுத்தில் அனுப்புங்கள். அடுத்த போட்டி தொடங்குமுன் அனுப்புங்கள் ஐயா, கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவனின் தாய்