இறக்கத்தில்தான் தெரியும் கிளட்ச் மிதியின் அருமை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காட்டுப்பாதை, பாறைப்பாதைக்கென்றே செய்யப்படும் எஸ்யூவிகளில் மேனுவல் கியர் மறைந்துவருவதைப் பற்றிப் பேச்செடுத்தாலே, ஓட்டுநர்களுக்குச் சோம்பல் வந்துவிட்டது என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மைகூட இல்லை.

லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் பழைய வடிவம் 2016 ஜனவரியில் நின்றது. 2020-இல் வந்த புதியதில் கிளட்ச் மிதியே கிடையாது. அந்தப் பழைய வண்டியின் பிரியர்களை மனத்தில் வைத்து உருவான இனியோஸ் கிரெனடியரும் எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கில் மட்டுமே வந்தது. ஜீப் கிளாடியேட்டர் 2025 மாடலில் மேனுவலைக் கைவிட்டது. ஃபோர்டு பிரான்கோவில் மேனுவல் உண்டு, ஆனால் 2.3 லிட்டர் எஞ்சினோடு மட்டும். பெரிய எஞ்சின் கேட்டால் ஆட்டோமேட்டிக்தான்.

ஏற்றத்திலும் மணலிலும் ஆட்டோமேட்டிக் ஜெயிப்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மணலில் கியர் மாற்றக் கிளட்சை மிதிக்கும் அரை நொடியிலேயே வண்டியின் வேகம் செத்து, சக்கரம் புதையத் தொடங்கும். பாறைமேல் அங்குலம் அங்குலமாக ஏற்றும்போது கிளட்சைப் பாதி மிதியில் வைத்துச் சமாளித்தால், கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பரப்பு சூடேறிக் கண்ணாடிபோல் வழுவழுப்பாகிவிடும். முதலில் கருகல் வாடை வரும். பிறகு சாலையில் டாப் கியரிலும் எஞ்சின் சுற்று ஏறும், வேகம் ஏறாது. ஆட்டோமேட்டிக்கில் கிளட்சின் இடத்தில் எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. வண்டி நகரத் தொடங்கும் கணத்தில் எஞ்சினின் முறுக்குவிசையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கியும் கொடுக்கும்.

கணக்கு மாறுவது இறக்கத்தில். கன்வெர்ட்டர் ஏற்றத்தில் கூட்டிக் கொடுப்பதை இறக்கத்தில் கொடுக்காது. அங்கே வண்டியைப் பிடித்து நிறுத்துவது பல்சக்கர விகிதம் ஒன்றுதான்; சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு அது, எண் கூடினால் பிடியும் கூடும். முதல் கியர், டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பெட்டி) லோ ரேஞ்ச் எனும் மெதுவான கியர் நிலை, ஆக்சில் ஆகிய மூன்றின் விகிதங்களையும் பெருக்கினால் வருவது அது. ஜீப் ரேங்லர் ரூபிகான் மேனுவலில் 5.13 × 4 × 4.10, அதாவது சுமார் 84. அதே ஆக்சிலோடு ஆட்டோமேட்டிக்கில் முதல் கியர் 4.71 என்பதால் சுமார் 77. பெரிய வித்தியாசமில்லை. சுசுகி ஜிம்னியைப் பாருங்கள்: மேனுவலில் சுமார் 36, நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கில் சுமார் 25. லோ ரேஞ்ச் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆட்டோமேட்டிக்கின் முதல் கியர்தான் நீளம், அதாவது அதன் விகிதம் குறைவு. போதாக்குறைக்கு, இத்தகைய பழைய அமைப்புகளில் முதல் கியரில் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்வதில்லை. எண்ணெய் வழியே கொஞ்சம் நழுவிக்கொண்டே இருக்கும். மிச்சத்தை பிரேக்தான் தாங்க வேண்டும். இறக்கத்தில் வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் ஹில் டிசென்ட் வசதியும் பிரேக்கைத்தான் விட்டு விட்டுப் பிடிக்கிறது; பாரம் ஏற்றிய வண்டியோடு நீண்ட இறக்கம் இறங்கினால் டிஸ்க் கொதிக்கும்.

இன்னொரு இழப்பைப் பலர் கவனிப்பதில்லை. செங்குத்தான ஏற்றத்தில் எஞ்சின் அணைந்துவிட்டால், மேனுவல் வண்டியில் பதறிப்போய்க் கிளட்சை மிதிப்பதுதான் பெருந்தவறு. மிதித்த நொடியில் எஞ்சினின் பிடி போய், வண்டி பின்னோக்கி உருளும். காலை பிரேக்கில் அழுத்தி வையுங்கள், ஹேண்ட்பிரேக்கையும் போடுங்கள். அதன்பின் கிளட்சை மிதித்து, லோ ரேஞ்சிலேயே ரிவர்ஸ் போட்டு, கிளட்சை முழுதாக விட்டுவிடுங்கள். ஹேண்ட்பிரேக்கை எடுத்து, கால் பிரேக்கை மெல்லத் தளர்த்தினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கிளட்சைத் தொடாமல் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் வண்டியை நகர்த்தும், எஞ்சின் பற்றிக்கொள்ளும், வண்டி வந்த தடத்திலேயே நிதானமாக இறங்கும். ஸ்டீயரிங்கை மட்டும் நேராக வைத்திருக்க வேண்டும். வண்டி குறுக்காகத் திரும்பினால் உருண்டுவிடும்.

ஆனால் இன்றைய மேனுவல் வண்டிகள் பல, கிளட்சை மிதிக்காமல் ஸ்டார்ட்டே ஆகாது. டொயோட்டா எஃப்ஜே க்ரூசரிலும் டகோமாவிலும் அந்தத் தடையை நீக்க ஒரு பொத்தான் வைத்திருந்தது. அது இல்லாத வண்டியில் பிரேக்கைப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்து, கிளட்சை முழுதாக விட்ட பிறகே பிரேக்கை விட வேண்டும்.

ஆட்டோமேட்டிக்கில் எஞ்சின் இப்படி அணைவது அபூர்வம். அணைந்தால், எண்ணெய் பம்ப் நின்று கியரின் பிடியும் போகும். பிரேக்கும் சில மிதிகளுக்குப் பிறகு கல்லாக இறுகிவிடும். பேட்டரி செத்துப்போனால் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வழியில்லை. (மேனுவல்காரர்களும் ரொம்ப மார்தட்ட வேண்டாம்: ஆழமான நீரைக் கடக்கையில் கிளட்சை மிதித்தால் கிளட்ச் பிளேட்டுக்கும் அது பற்றிக்கொள்ளும் எஞ்சினின் ஃப்ளைவீல் சக்கரத்துக்கும் இடையே தண்ணீர் புகுந்து நழுவும்.)

ஆகவே ஆட்டோமேட்டிக் வாங்குகிறவர்கள் மூன்றைக் கேட்டு வாங்க வேண்டும். லோ ரேஞ்ச் முதல் கியரில் மொத்த விகிதம் எத்தனை? ஆட்டோமேட்டிக்கிலேயே கையால் கியர் தேர்ந்தெடுக்கும் மேனுவல் மோடில் போட்ட கியர் அப்படியே நிற்குமா, தானாக மேலே தாவுமா? கியர் எண்ணெயின் வெப்பநிலை திரையில் தெரியுமா? மூன்றாவதை விற்பனையாளர்கள் அதிகம் பேசமாட்டார்கள். லோ ரேஞ்ச் போடாமல் சாதாரணச் சாலைக்கான ஹை ரேஞ்சிலேயே பாறை ஏற்றி எண்ணெயைக் காய்ச்சுகிறவர்களோ ஏராளம். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிடுங்கள். அணைத்துவிட்டால் எண்ணெய் கூலருக்குப் போகாது. சூடு தணிந்த பின் லோ ரேஞ்சில் தொடருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்