டாஸ்கனினியின் 1919-ஐயும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் இத்தாலிய ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் ஆர்த்துரோ டாஸ்கனினி பற்றி வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். சினிமா ஒலிப்பதிவுகளில் வயலின் வாசிப்பது என் தொழில். அவர் நடத்திய பீத்தோவன் சிம்பொனிகளைக் கேட்டுத்தான் வில்லை எப்படி இழுப்பது என்று பாதி கற்றுக்கொண்டேன். ஆனால் கட்டுரை அவரைப் பிறவிப் பாசிச எதிர்ப்பாளராகக் காட்டிவிட்டது. அதில் எனக்கு உடன்பாடில்லை.

1919 நவம்பர் தேர்தலில், மிலானில், பாசிச இயக்கத்தைத் தொடங்கிய முசோலினியின் பட்டியலிலேயே வேட்பாளராக நின்றவர் அவர். மறைக்க வேண்டிய விஷயமா இது? அவருடைய அப்பா பார்மா நகரத்துத் தையல்காரர், குடியரசுக் கனவோடு இத்தாலியை ஒன்றிணைக்கப் போராடிய கரிபால்டியின் படையில் போரிட்டவர். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு மன்னராட்சி பிடிக்காது. அப்போது பாசிஸ்டுகள் பெண்களுக்கு வாக்குரிமை, எட்டு மணி நேர வேலை, போரில் சம்பாதித்த கொள்ளை லாபத்தைப் பறிப்பது என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள். நம்பினார். அந்தப் பட்டியலுக்கு மொத்தமாக ஐயாயிரம் வாக்குகூடத் தேறவில்லை. அப்புறம் முசோலினி அரசரோடும் பணக்காரர்களோடும் கைகோத்தபோது இவர் விலகிவிட்டார். 1922 டிசம்பரில், மிலானின் லா ஸ்காலா அரங்கில் 'ஃபால்ஸ்டாஃப்' ஓபரா நடக்கும்போது, கட்சிப் பாட்டான 'ஜோவினெட்ஸா'வை வாசிக்கச் சொல்லிக் கூச்சல் எழுந்தது. அவர் வாசிக்க மறுத்துவிட்டார்.

1931-இல் பொலோன்யாவில் அவர் அடிவாங்கியதைக் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியிருக்கலாம். மே 14 அன்று அது ஒரு நினைவுக் கச்சேரி. தான் பெரிதும் மதித்த மார்த்துச்சி என்ற இசையமைப்பாளருக்காக டாஸ்கனினி ஒப்புக்கொண்டது. அமைச்சர்கள் வருகிறார்கள், அதனால் அரச கீதமும் 'ஜோவினெட்ஸா'வும் முதலில் வேண்டும் என்றார்கள். நினைவுக் கச்சேரியில் அதற்கு இடமில்லை என்றார் இவர். மாலையில் மனைவி, மகளோடு காரில் வந்து பக்கவாசலில் இறங்கியதும், பாசிஸ்டுகளின் கறுப்புச் சட்டைக் கும்பல் சூழ்ந்துகொண்டது. வாசிப்பீர்களா, மாட்டீர்களா என்று கேட்டார்கள். மாட்டேன் என்றதும் முகத்திலும் கழுத்திலும் அடி விழுந்தது. அப்போது அவருக்கு வயது 64. கச்சேரி நின்றது. தங்கியிருந்த ஹோட்டலுக்குக் கீழேயும் கும்பல் வந்து கத்தியது. விடிவதற்குள் ஊரைவிட்டுப் போய்விடுங்கள் என்ற மிரட்டல் வேறு. இரவோடு இரவாக மிலானுக்குக் கிளம்பினார். பாஸ்போர்ட்டையும் பிடுங்கிவைத்தார்கள். அதைத் திருப்பித் தந்தபிறகு, போர் முடியும்வரை இத்தாலியில் அவர் கச்சேரியே செய்யவில்லை.

எதிர்ப்பு என்பது அன்று வாங்கிய அடியோடு முடிந்துவிடவில்லை. ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், தான் உயிராய் நினைத்த, ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னருக்காக பைராய்ட் நகரில் நடக்கும் இசை விழாவை 1933-இல் கைவிட்டார். 1936 டிசம்பரில் டெல் அவிவ் போய், ஜெர்மனியிலிருந்து விரட்டப்பட்ட யூதக் கலைஞர்கள் இருந்த புதிய ஆர்கெஸ்ட்ராவின் முதல் கச்சேரியைச் சம்பளம் வாங்காமல் நடத்திக் கொடுத்தார். 1938-இல் அதே ஆர்கெஸ்ட்ராவை வாக்னரையும் வாசிக்க வைத்தார். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். ஹிட்லர் கொண்டாடிய இசை என்பதற்காக அதை ஹிட்லருக்கே விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை.

கலைஞனுக்கு அரசியல் எதற்கு என்று முடிகிறது உங்கள் கட்டுரை. டாஸ்கனினியை வைத்து அப்படிச் சொல்லவே முடியாது. தேர்தலில் நின்றதும் அவர்தான், பிறகு அதே கட்சியின் பாட்டைத் தொட மறுத்ததும் அவர்தான். இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் அந்த மறுப்பின் கனம் வாசகருக்குப் புரியும்.

குண்டுவீச்சில் இடிந்து மீண்டும் கட்டப்பட்ட லா ஸ்காலாவை 1946 மே 11 அன்று கச்சேரி நடத்தித் திறந்துவைத்தவர் அவர். 1949-இல் குடியரசுத் தலைவர் எய்னாவ்டி ஆயுட்கால செனட்டர் பதவி கொடுத்தபோது, வேண்டாம் என்று தந்தி அடித்துவிட்டார். இந்த விவரங்களை அடுத்த இணைப்பில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வயலின் கலைஞர், உங்கள் நெடுநாள் வாசகர்