சேதுவுக்கு, 1989-இன் பாக்கி

அன்புள்ள சேது,

இங்கு அனைவரும் நலம். உன் வீட்டிலும் அப்படியே என்று நம்புகிறேன். தீபாவளிக்கு வந்த உன் கடிதத்துக்குப் பங்குனியில் பதில் எழுதுகிறேன், மன்னித்துவிடு. மூட்டு வலியைப் பற்றியும் குட்டையன் வீட்டுத் திருமணத்தைப் பற்றியும் அடுத்த கடிதத்தில் விரிவாகக் கேட்கிறேன். 1989-இல் விடுதியில் என்னோடு சண்டை போட்டுவிட்டு நீ பாதியில் எழுந்து போனாயே, அந்தச் சண்டைக்கு உரிய பதில் சென்ற செவ்வாய்க்கிழமை என் வகுப்பறையில் கிடைத்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டில் நாம் ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடரைப் பார்த்த இரவு உனக்கு நினைவிருக்கும். ‘தி ட்ரபிள் வித் டிரிபில்ஸ்’ என்ற அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்தது. கை, கால், கண், வாய் எதுவும் தெரியாத, உள்ளங்கையில் அடங்கும் டிரிபில் என்ற உரோம உருண்டை ஒன்று பூனையைப் போல முரமுரத்துக்கொண்டே குட்டி போட்டு விண்கப்பலை நிறைக்கிறது. டாக்டர் மெக்காய் அதை ஆராய்ந்து பார்த்துவிட்டு, இவை பிறக்கும்போதே கர்ப்பமாகப் பிறக்கின்றன என்று தோன்றுகிறது என்கிறார். அந்த இடத்தில்தான் நீ எழுந்தாய். “இதற்குப் பெயர் அறிவியல் புனைவா? கோமாளிக் கூத்து!” என்று சொல்லிவிட்டு, மெஸ் மூடுவதற்குள் போய்விட்டாய். எனக்கும் அன்று பதில் தெரியாது. சிரித்தது பிடித்திருந்தது என்பதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

இந்தப் பருவத்தில் இறுதியாண்டு மாணவர்களுக்குச் சேமிப்புத் தானியப் பூச்சிகளைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன். பெருக்க விகிதம் என்ற பகுதி வந்ததும் அவர்களுக்கு இந்த அத்தியாயத்தைத் திரையில் போட்டுக் காட்டினேன். மெக்காயின் வசனம் வந்தபோது வகுப்பே சிரித்தது. கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி மட்டும் எழுந்து, “ஐயா, அசுவினி அப்படித்தானே?” என்று கேட்டாள். அவர்கள் வீட்டில் தட்டைப்பயறு விதைப்பார்களாம்.

சேது, அந்த ஒரு கேள்வியில் உன் முப்பத்தைந்து ஆண்டு வாதம் முடிந்துபோயிற்று. செடிச் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி உண்மையாகவே அப்படித்தான். ஆண் துணை இல்லாமலே பெண் அசுவினி உயிருள்ள குட்டிகளை ஈனுகிறது. அந்தக் குட்டி தாயின் வயிற்றுக்குள் இருக்கும்போதே அதன் வயிற்றுக்குள் அடுத்த தலைமுறைக்கான கரு வளரத் தொடங்கிவிடுகிறது. ஒரு பூச்சியின் உடலுக்குள் மூன்று தலைமுறை! நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் ஆண்டு முழுவதும் இதே கதைதான். பயறுச் செடியின் நுனிக்குருத்தில் திங்கட்கிழமை நான்கைந்து கரும்புள்ளிகளைப் பார்ப்பாய். பத்து நாள் கழித்துப் போனால் குருத்தே தெரியாது, கறுப்புதான் தெரியும். எல்லாருக்கும் முன்னால் நீ எதைக் கோமாளிக் கூத்து என்றாயோ, அது தோட்டத்தில் நாள்தோறும் நடக்கிறது.

அந்த அத்தியாயம் அமெரிக்காவில் 1967 டிசம்பர் 29 அன்று ஒளிபரப்பானது. எழுதிய டேவிட் ஜெரால்டுக்கு அப்போது வயது 23. அவர் விற்ற முதல் திரைக்கதையும் அதுவே. அந்த வயதில் நாம் இருவரும் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதை உன் நினைவுக்கே விட்டுவிடுகிறேன். கதையில் வரும் தானியத்துக்குக் குவாட்ரோடிரிடிக்கேல் என்று பெயர். அதன் மூதாதையான டிரிடிக்கேல் கற்பனை அன்று. கோதுமையையும் ரை என்ற தானியத்தையும் கலந்து உருவாக்கிய கலப்பினப் பயிர். கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தில் 1950-களில் அதற்கான பெரிய ஆய்வுத் திட்டமே நடந்தது. கப்பலின் அறிவியல் அதிகாரி ஸ்பாக்கும் அதன் வேர் இருபதாம் நூற்றாண்டுக் கனடாவில் இருப்பதாகத்தான் சொல்கிறார். சிரிப்பதற்காக எழுதும் கதையில் இவ்வளவு கவனம் எடுத்த ஒருவனை நீ கோமாளி என்றாய்.

நீ பார்க்காமல் போன இடத்தைச் சொல்கிறேன். கேப்டன் கிர்க் விண்வெளி நிலையத்தின் தானியக் கிடங்குக்கு ஓடுகிறார், தலைக்கு மேலிருக்கும் கதவைத் திறக்கிறார். தானியம் வருவதற்குப் பதிலாக டிரிபில்கள் கொட்டுகின்றன. கொட்டிக்கொண்டே இருக்கின்றன. மார்பளவு மூழ்கி நின்று அவர் தீவிரமாகப் பேச முயலும்போது, மேலிருந்து ஒன்று, சற்றுப் பொறுத்து இன்னொன்று, நேராகத் தலையில் வந்து விழுகிறது. வா சாங் என்ற கலைஞர் வடிவமைத்த அந்த உருண்டைகளைச் சுமார் 500 தைத்து வைத்திருந்தார்கள். நகர்ந்து காட்டவேண்டியவற்றுக்குள் மின்கலத்தில் நடக்கும் பொம்மை நாயின் உறுப்புகளைப் பொருத்தினார்களாம். கிடங்குப் பெட்டிக்குள் இருந்தவர்களே கையால் எடுத்து வீசினார்கள். ஒவ்வொன்றாக விழும் அந்த இடைவெளிதான் காட்சியின் உயிர். ஒரே கொட்டலோடு முடிந்திருந்தால் நாம் ஒரு முறைதான் சிரித்திருப்போம்.

லட்சக்கணக்கில் இருக்கும் என்று கிர்க் சொன்னதும் ஸ்பாக், 17,71,561 என்று ஒற்றை எண்ணில் பதில் சொல்கிறார். ஒரு டிரிபிலில் தொடங்கி, ஈற்றுக்குப் பத்துக் குட்டி, 12 மணி நேரத்துக்கு ஒரு தலைமுறை, மூன்று நாள். படத்தை அங்கேயே நிறுத்திவிட்டுக் கணக்கைக் கரும்பலகையில் போடச் சொன்னேன். பாதிப் பேருக்குப் பத்து லட்சம் என்று வந்தது. ஸ்பாக் தவறிவிட்டார் என்று ஒரு கூட்டமே முடிவுகட்டிவிட்டது. தவறு அவர்களுடையது: ஆறு தலைமுறைக்கும் பத்தால் பெருக்கியவர்கள் தாயைக் கணக்கில் விட்டுவிட்டார்கள். தாய் சாகவில்லை, அடுத்த 12 மணி நேரத்தில் அவளும் ஈனுகிறாள். ஆகவே ஒவ்வொரு முறையும் பெருக்க வேண்டியது பதினொன்றால். 11, 121, 1331, 14641, 161051, பிறகு ஸ்பாக்கின் எண். பெருக்கத்தைப் பற்றி நான் பல ஆண்டுகளாகச் சொல்லிப் புரியவைக்க முடியாத ஒன்றை, அந்த வித்தியாசம், ஏழு லட்சத்து எழுபத்தோராயிரத்துச் சொச்சம், ஒரு நிமிடத்தில் புரியவைத்தது.

இதன் பிறகு வகுப்பில் சிரிப்பு நின்ற இடமும் ஒன்று உண்டு. கிடங்கில் கிடக்கும் டிரிபில்களில் பல செத்திருக்கின்றன என்பது தெரியவருகிறது. எதிரிகள் தானியத்தில் கலந்த நச்சுயிரி, உடலில் சத்துச் சேராமல் தடுத்துவிடும். தானியம் நிறைந்த அறையில், வயிறு முட்டத் தின்றபடியே, அவை பட்டினியால் செத்தன. அந்தத் தானியம் ஒரு புதிய கோளில் குடியேறவிருந்த மக்களுக்கான விதை. எல்லாரும் தொல்லை என்று எட்டி உதைத்த அந்தப் பிராணிகள் தின்று செத்திருக்காவிட்டால், செத்திருப்பவர்கள் அந்த மக்கள்.

வேலையில் சேர்ந்த புதிதில் நான் ஒரு கிடங்கில் சோள மூட்டைக்குள் முழங்கை வரை கைவிட்டுப் பார்த்தது நினைவுக்கு வந்தது. உள்ளே காய்ச்சல்காரன் நெற்றியைப் போலச் சூடாக இருந்தது. வண்டு மண்டினால் தானியம் அப்படித்தான் சுடும். கையை எடுத்தபோது ஒட்டிக்கொண்டு வந்த மணிகளில் ஒவ்வொன்றிலும் ஊசி முனையளவு துளை இருந்தது, விரலால் நசுக்கினால் வெறும் தோல். எடை குறைந்தாலும் மூட்டை வெளியிலிருந்து பார்க்க முழுதாகத்தான் நின்றது. நிறைந்திருக்கும் கிடங்கில் உணவு இல்லாமல் போவது எப்படி என்பதை நான் கையால் தொட்டறிந்திருக்கிறேன், சேது. அதனால்தான் அந்தக் காட்சி எனக்கு இன்று சிரிப்பாக முடிவதில்லை.

ஸ்பாக் இன்னொன்றும் சொல்கிறார்: தம்மைத் தின்னும் பிராணிகள் நிறைந்த சூழலிலிருந்து இவற்றை எடுத்து, தடுக்க யாருமில்லாத இடத்தில் விட்டதுதான் குற்றம் என்று. 2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி வந்தபோது நாங்கள் பட்ட பாட்டைத் தொலைபேசியில் உன்னிடம் புலம்பியிருக்கிறேன். அதுவும் தன் எதிரிகளை மெக்சிகோப் பக்கம் விட்டுவிட்டு வந்த பூச்சி. 2010-இல் போர்ட்டோ ரிகோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்ட பிறகுதான் அடங்கியது.

பொறியாளனான உனக்காக ஒன்று. எதிரிகளான கிளிங்கான்கள் கேப்டனைத் திட்டும்போதெல்லாம் கப்பலின் தலைமைப் பொறியாளர் ஸ்காட்டி பொறுமையாக இருந்து மற்றவர்களையும் அடக்குகிறார். கப்பலைக் குப்பை என்றதும் கைநீட்டிவிடுகிறார். தண்டனையாக அறையில் அடைத்தால், தொழில்நுட்ப இதழ்களைப் படிக்க நேரம் கிடைத்ததே என்று மகிழ்கிறார். உன் ஆலையில் உன் கொதிகலனை யாரோ குறை சொன்னபோது நீ மூன்று நாள் பேசாமல் இருந்தாயே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

நகைச்சுவை என்பதால் ஒன்றை இலேசானது என்று தள்ளிவிடுவது இன்றும் எனக்கு வருத்தம் தருகிறது. உன்மேல் உள்ள என் ஒரே மனக்குறையும் அதுதான். 1996-இல் இதே தொடரின் பின்வந்த தலைமுறையினர், முப்பதாம் ஆண்டைக் கொண்டாட வேண்டியபோது, போர்களையும் தத்துவங்களையும் விட்டுவிட்டு இந்த அத்தியாயத்துக்குள்தான் தங்கள் பாத்திரங்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

அடுத்த வாரம் என் மருமகன் உங்கள் ஊர்ப் பக்கம் வருகிறான். அவனிடம் பென் டிரைவில் கொடுத்தனுப்புகிறேன். மெக்காய் வாயைத் திறந்ததும் எழுந்துவிடாதே; கிடங்குக் கதவு திறக்கும் வரையாவது உட்கார். பார்த்துவிட்டு இரண்டு வரியாவது எழுது, இந்த முறை நானும் பங்குனி வரை காத்திருக்க மாட்டேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்