யானைக் கட்சியைப் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய உரையை வாசித்தேன். நன்றாக வந்திருக்கிறது. ஒரு பந்தி மட்டும் மனதுக்கு ஒப்பவில்லை. இலங்கையின் இனவாத அரசியல் 1956-ல் சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய பிரதமர் பண்டாரநாயக்கவின் தனிச் சிங்களச் சட்டத்தோடுதான் தொடங்கியது, நாம் யானைக் கட்சி என்கிற ஐக்கிய தேசியக் கட்சி (யூஎன்பி) சிறுபான்மை மக்களோடு ஓரளவு அணுக்கமாக இருந்தது என்று எழுதியிருக்கிறாய். மெல்பேர்னில் கேட்பவர்கள் ஆமாம் என்பார்கள். மலைநாட்டில் பிறந்த நீ அப்படிச் சொல்லக் கூடாது, மகள்.

இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழியில் வந்த எங்களுக்கு அது 1948-லேயே தொடங்கிவிட்டது. சுதந்திரம் கிடைத்து ஒரு வருஷம் கூட ஆகவில்லை. ஆட்சியில் இருந்தது யானைக் கட்சி, பிரதமர் டி.எஸ். சேனநாயக்க. அந்த வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டத்தைத் தேடி வாசி. எந்த இனத்தையும் பேர் சொல்லித் தள்ளவில்லை. நீ இலங்கையில் பிறந்திருந்தாலும் போதாது, உன் தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தகப்பன் வழிப் பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது, அவ்வளவுதான். உன் தாத்தா இங்கேதான் பிறந்தார். அவருடைய அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். 1947-ல் ஓட்டுப் போட்ட மனுஷனுக்கு 1952 தேர்தலில் பட்டியலில் பேர் இல்லை.

தகப்பன் இங்கே பிறந்தவர்களுக்கும் அதை நிரூபிப்பது லேசான காரியமில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் காம்பராவில் பிள்ளை பிறந்தால் மருத்துவிச்சிதான் வருவாள். பதிவுக்காரரைத் தேடிப் போகிற நாளில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போக முடியாது, அன்றைய பேர், அதாவது ஒரு நாள் கூலி, போய்விடும். அப்படிப்பட்டவர்களிடம் பிறப்பத்தாட்சிப் பத்திரம் கேட்டால் எங்கே போவார்கள்? 1949-ல் இன்னொரு சட்டம் கொண்டுவந்தார்கள். கலியாணம் ஆனவர் 7 வருஷம், ஆகாதவர் 10 வருஷம் இங்கே தொடர்ந்து வசித்ததைக் காட்ட வேண்டும், வருமானத்தையும் காட்ட வேண்டும். ஏறக்குறைய 8 லட்சம் பேருக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பாய். 1947 தேர்தலில் தோட்டத்து மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றிருந்தது, நுவரெலியாவில் அதன் தலைவர் தொண்டமான் வந்திருந்தார். வேறு பல தொகுதிகளில் தோட்டத்து ஓட்டு இடதுசாரிகளுக்குப் போய் யானைக் கட்சிக்கு இடைஞ்சலானது. அதே 1949-ல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரஜை அல்லாதவரின் பேரை வாக்காளர் பட்டியலிலிருந்து வெட்டினார்கள். என்னை இன்றைக்கும் கொதிக்க வைப்பது இதற்கு அடுத்த காரியம். தொகுதிகளைப் பிரிக்கும்போது எங்கள் தலைகளையும் சேர்த்து எண்ணினார்கள். எங்கள் கணக்கில் கிடைத்த ஆசனங்களில் கண்டிச் சிங்களவர்கள் ஓட்டுப் போட்டார்கள்.

1949-ல் இந்தச் சட்டங்களைக் கொண்டுவந்தபோது அரசாங்கத்தில் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலமும் அமைச்சராக இருந்தார் என்பதையும் மறைக்காதே. அவருடைய கட்சியிலிருந்த செல்வநாயகம் அந்த வழியே போகாமல் பிரிந்து வந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

மொழி விஷயத்திலும் பண்டாரநாயக்கவை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்க வேண்டும் என்று 1944-ல், சுதந்திரத்துக்கு முந்திய சட்டமன்றமான அரசாங்க சபையில் பிரேரணை கொண்டுவந்தவர், பின்னாளில் யானைக் கட்சித் தலைவரான ஜே.ஆர். ஜயவர்தன. அப்போது திருத்தம் செய்து தமிழையும் சேர்த்தார்கள். 1956 பெப்ரவரியில் களனி மாநாட்டில் யானைக் கட்சியே தனிச் சிங்களத்துக்கு மாறியது. இருந்தும் தேர்தலில் 8 ஆசனங்களோடு படுத்தது. அடுத்த வருஷம் பண்டாரநாயக்க தமிழருக்குச் சில உரிமைகள் கொடுக்கச் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்தபோது, அதை எதிர்த்துக் கண்டிக்கு நடைப்பயணம் கிளம்பியவரும் இதே ஜே.ஆர்.தான்.

1981, 1983 உனக்குத் தெரியும். 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது இரண்டு யூஎன்பி அமைச்சர்கள் அந்த ஊரில் இருந்தார்கள். 1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடினார்கள், பதுளையும் எரிந்தது. ஜனாதிபதி ஜே.ஆர். 28-ஆம் தேதி நாட்டு மக்களிடம் பேசினார், செத்தவர்களுக்காக ஒரு வார்த்தை அனுதாபம் சொல்லவில்லை.

பண்டாரநாயக்கவின் சுதந்திரக் கட்சியை நான் காப்பாற்ற வரவில்லை. 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு உட்கார்ந்து எங்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பக் கையெழுத்துப் போட்டவர் அவர் மனைவி, அப்போதைய பிரதமர் சிறிமாவோ. அதன்படி அக்கரை போன எங்கள் சொந்தங்களைக் கூடலூரிலும் கோத்தகிரியிலும் நீயே பார்த்திருக்கிறாய். அதனால்தான் பின்னாளில் தோட்டங்களில் யானைக்கு ஓட்டு விழுந்தது. 1978-ல் தொண்டமான் ஜே.ஆரின் அமைச்சரவைக்குப் போனார். எங்களுக்கு இருந்த பேரம் அது ஒன்றுதான், அதில் பலனும் கிடைத்தது. 1988-லும் 2003-லும் நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த சட்டங்கள் யூஎன்பி அரசாங்கங்கள் கொண்டுவந்தவை. எடுத்ததைத் திருப்பிக் கொடுத்து முடிக்க 55 வருஷம் பிடித்தது. உன் தாத்தா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆகவே அந்தப் பந்தியை எடுத்துவிட்டு 1948-லிருந்து தொடங்கு. 2003-ஐயும் விடாமல் சொல். ஞாயிற்றுக்கிழமை உனக்கு வேலை இல்லாத நேரம் பார்த்துப் போன் எடு, தொகுதிப் பிரிப்பு நடந்த விதத்தை விளக்கமாகச் சொல்கிறேன். எழுதுவதற்கு அதுதான் கொஞ்சம் சிக்கலான பகுதி.

அன்புடன்,
அப்பா
அட்டன்