நகைச்சுவை நடிகர் இயக்குநர் ஆவதில் அதிசயம் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிரிப்பு நடிகர்களாக இருந்து இயக்கம், எழுத்து, பாட்டு என்று வேறு துறைகளில் பேர் வாங்கியவர்களைப் பற்றிய தங்கள் கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் அவர்கள் எல்லோரையும் ‘தொழில் மாறி ஜெயித்தவர்கள்’ என்று எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. சிரிக்க வைக்கிற வேலைக்குள்ளேயே எழுத்தும் இயக்கமும் இருக்கின்றன. அதை அவர்கள் கையோடு கொண்டுபோனார்கள், அவ்வளவுதான்.

சேலம் வட்டாரத்துக் கூத்தை விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். திரைக்குப் பின்னால் வேஷம் வந்து நின்றதும் ‘நீ யார், எந்த ஊர், வந்த காரியம் என்ன’ என்று கேட்டு ஜனங்களுக்கு அறிமுகம் செய்வது கட்டியங்காரன். ராஜாவுக்குச் சேவகனும் அவனே, தூதனும் அவனே. அடுத்த வேஷக்காரர் இன்னும் கிரீடம் கட்டி முடிக்கவில்லை என்றால் ஊர்ச் சங்கதியை இழுத்துப் பேசி நேரத்தை ஓட்டுவான். கூட்டம் கண்ணயர்ந்தால் கதையைச் சுருக்கித் தள்ளுவான். எதை நீட்டுவது, எதை வெட்டுவது என்று அந்த இடத்திலேயே முடிவெடுப்பவனுக்கு இயக்குநர் என்பதைத் தவிர வேறு என்ன பெயர்?

சினிமாவிலும் இதே கதைதான். கலைவாணர் தன் நகைச்சுவைக் காட்சிகளைத் தானே யோசித்து, தன் குழுவோடு தானே உருவாக்கியவர். 1951-ல் ‘மணமகள்’, 1952-ல் ‘பணம்’ என்று அவர் முழுப்படம் இயக்கியபோது புதிதாகக் கற்றுக்கொள்ள அதிகம் இருந்திருக்காது. நம் ஏற்காடு சாலை மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களில் சி.டி.ராஜகாந்தத்தோடு ஜோடி சேர்ந்து சிரிக்க வைத்த காளி என்.ரத்தினம், அதற்கு முன்பே மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பிள்ளைகளுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்த வாத்தியார். சந்திரபாபு 1966-ல் ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ இயக்கினார். சோ 1970-ல் துக்ளக் பத்திரிகையைத் தொடங்கி, மறு வருஷமே ‘முகமது பின் துக்ளக்’ படத்தையும் இயக்கினார். நாகேஷும் 1985-ல் ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’ எடுத்தார்.

ஒரு திருத்தம். மனோபாலாவை உங்கள் பட்டியலில் சேர்த்திருக்கக் கூடாது. 1982-லேயே ‘ஆகாய கங்கை’ எடுத்த இயக்குநர் அவர். நகைச்சுவை நடிகராக நமக்குப் பழகியது பிற்பாடு. சிங்கம்புலி வந்த வழியும் அதே.

பட்டியலில் முதல் வரியில் இருக்க வேண்டிய ஒருவரை விட்டுவிட்டீர்கள் என்பதுதான் என் பெரிய வருத்தம். ஏ.வீரப்பன். சின்னச் சின்ன நகைச்சுவை வேடங்களில் நடித்துவிட்டு, பிறகு கவுண்டமணி - செந்திலுக்கு ட்ராக், அதாவது படத்துக்குள் தனியாக ஓடும் சிரிப்புக் காட்சிகள், எழுதியவர். ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழக் காட்சியின் கட்டுமானத்தைப் பாருங்கள். ஒரு ரூபாய், இரண்டு பழம், ஒரே கேள்வி, ஒரே பதில். கேள்வியும் மாறாது, பதிலும் மாறாது. ஏறிக்கொண்டே போவது கேட்பவரின் கோபம் மட்டும்தான். நடுவில் வேறொரு ஜோக்கைச் செருகியிருந்தால் அந்தக் கோபம் இறங்கியிருக்கும், காட்சியும் படுத்திருக்கும். நடித்துப் பழகிய ஆளுக்குத்தான் அந்த அடக்கம் வரும்.

சேலத்துக் கல்லூரி விழாக்களிலும் ஏற்காடு கோடை விழா மேடையிலும் மிமிக்ரி, தனிமேடைச் சிரிப்பு என்று கலக்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். குறும்படம் எடுக்கப் போனதும் அவர்களில் பலருக்குச் சறுக்குகிறது. காரணங்களைத் தெளிவாகவே சொல்லலாம்.

மேடைப் பேச்சில் ‘அப்போ அவன் என்ன சொன்னான் தெரியுமா’ என்று ஒரே ஆள் இரண்டு பேராகப் பேசுகிறான். திரையில் அந்த இரண்டாவது ஆள் நிஜமாக வந்து நிற்க வேண்டும், அவனுக்கும் ஏதாவது வேண்டும். வேண்டியது எதுவும் இல்லாத ஆள் வெறுமனே தலையாட்டுவான், காட்சி மொக்கையாகும். ஆகவே முதலில் மேடை நிகழ்ச்சியைப் போனில் பதிவு செய்து, சிரிப்பு விழுந்த இடம் உட்பட சொல்லுக்குச் சொல் எழுதுங்கள். தொடர்ந்து மூன்று வாக்கியத்துக்குச் சிரிப்பு இல்லையென்றால் அந்த மூன்றையும் அடியுங்கள். தாளில் ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம் என்பது திரைக்கதைக்காரர்களின் கணக்கு. முதல் முயற்சிக்கு ஐந்து பக்கம், இரண்டு பாத்திரம், ஒரே இடம் போதும்.

அடுத்தது இடைவெளி. மேடையில் கூட்டம் சிரித்து முடிக்கும்வரை நாம் காத்திருக்கிறோம். படப்பிடிப்பில் சிரிக்க ஆள் கிடையாது. பன்ச், அதாவது சிரிப்பு வரவேண்டிய வரி, விழுந்த உடனே அடுத்த வசனத்தைப் பேசிவிட்டால், தியேட்டர் சிரிப்பில் அது மூழ்கிப்போகும். கேட்டவனின் முகத்தை ஒரு விநாடி, ஒன்றரை விநாடி காட்டுங்கள். அதுதான் ரியாக்‌ஷன் ஷாட். சினிமாவில் விநாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படம். அதில் ஆறு பிரேம் முன்னே பின்னே வெட்டினாலே சிரிப்பு கெடும். எடிட்டர் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்தாக வேண்டும். விழுவது, வழுக்குவது போன்ற உடல் நகைச்சுவைக்கு நடுவில் கட் வைக்காதீர்கள். இருவரும் தலை முதல் கால் வரை தெரிகிற ஒரே ஷாட்டில் முடியுங்கள்.

ஏற்காட்டில் எடுக்க எல்லோருக்கும் ஆசை. லேடீஸ் சீட் காட்சிமுனைப் பக்கம் காற்று மைக்கில் அடிக்கும், மைக்குக்கு ரோம உறை இல்லாமல் போகாதீர்கள். வெயிலில் எடுத்த ஷாட்டும் பனிமூட்டத்தில் எடுத்ததும் ஒட்டாது. ஒரு காட்சியைத் தொடங்கினால் வெளிச்சம் மாறுவதற்குள் இரண்டு பேர் முகத்தையும் எடுத்துவிட வேண்டும்.

டப்பிங் பக்கம் போகிற மிமிக்ரி கலைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இரவல் குரலை இரண்டு நிமிடம் பிடிக்கலாம், ஒரு படம் முழுக்கப் பிடித்தால் தொண்டை கட்டிக்கொள்ளும். சொந்தக் குரலில் வயது, கோபம், களைப்பு மூன்றையும் காட்டப் பழகுங்கள். மைக்குக்கு ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் நின்றால் ‘ப’ எழுத்து வெடிக்காது.

எழுதியதைப் பிறரிடம் சொல்வதற்கு முன் பதிவு செய்யுங்கள். காப்புரிமை (காப்பிரைட்) அலுவலகத்தில் எழுத்துப் படைப்பு ஒன்றுக்குக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பித்த பின் ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருக்க வேண்டும். ட்ராக் எழுதுகிறவர் பெயர் போஸ்டரில் வருவது அபூர்வம் என்பதால் இது அவர்களுக்குக் கட்டாயம் தேவை.

அடுத்த இதழ்களில் ஒன்றிலாவது ஏ.வீரப்பனுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். அவர் எழுதிய காட்சிகளின் பட்டியலும் படப்பெயர்களும் சேர்ந்து வந்தால், எழுத வருகிற பிள்ளைகள் அவற்றைப் போட்டுப் பார்த்துப் படித்துக்கொள்வார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம் - 7.