முதல் தோல்வியிலேயே கதவைச் சாத்தாதீர்கள்

ஒன்லைன் கேம் லீக் நடத்தும் அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும்,

வணக்கம். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறேன். உங்கள் கடந்த தகுதிச் சுற்றில் மொபைல் லெஜெண்ட்ஸ் (ஐந்து பேர் சேர்ந்து எதிரணியின் டவர்களையும் கடைசியில் பேஸையும் உடைக்கும் போன் கேம்) ஆடிய அணியொன்றில் நானும் இருந்தேன். அணியின் பெயர் உங்களுக்கு ஞாபகம் இருக்காது. முதல் ஆட்டத்தோடு போய்விட்டோம்.

எங்கள் லயத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது குசினி ஜன்னலோரம் மட்டும். அன்று பிடித்த மழையில் தகரக் கூரை போட்ட சத்தத்துக்கு ஹெட்செட்டில் யார் என்ன சொல்கிறார்கள் என்றே விளங்கவில்லை. அப்படியும் இரண்டு டவர் முன்னால்தான் இருந்தோம். பதினோராவது நிமிஷம் டவுனில் இருந்து ஆடிய தம்பிக்குக் கரண்ட் போனது, கூடவே வைஃபையும். டேட்டாவுக்கு மாறி அவன் திரும்பி வருவதற்குள் எங்கள் பேஸ் உடைந்துவிட்டது.

சரி, மழைக்கு நீங்கள் பொறுப்பில்லை. ஆனால் ஒரே ஆட்டம், தோற்றால் வெளியே என்ற அட்டவணை நீங்கள் போட்டதுதானே? எங்கள் தோட்டத்தில் சித்திரை வருஷத்துக்கு நடக்கும் சாஃப்ட்போல் கிரிக்கெட்டும் நாக்கவுட்தான். அங்கே இருப்பது ஒரு மைதானம், பொழுது சாய்வதற்குள் கப் கொடுக்க வேண்டும். ஒன்லைன் ஆட்டத்துக்கு அந்த அவசரம் எதற்கு?

இதே மாதிரிக் கம்ப்யூட்டர் கேமான லீக் ஒஃப் லெஜெண்ட்ஸின் உலகப் போட்டியில் 2023இலிருந்து சுவிஸ் முறை வைத்திருக்கிறார்கள். செஸ்காரர்கள் 1895இல் சூரிச்சில் தொடங்கிய பழைய முறை அது. 16 அணிகள். மூன்று வென்றால் அடுத்த கட்டம், மூன்று தோற்றால் வீடு. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு வென்றவர்கள்தான் மோதுவார்கள். ஆரம்பத்தில் ஒற்றை ஆட்டம். மேலே போவதா வெளியேறுவதா என்று தீர்மானிக்கும் கட்டம் வந்தால் மூன்றில் இரண்டு வெல்ல வேண்டும். கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற சுடும் கேமின் பெரிய போட்டிகளான மேஜர்களில் இன்னும் ஒரு படி மேலே: வெற்றி தோல்வி சமமாக இருக்கும் அணிகளை வரிசைப்படுத்த, அவை சந்தித்த எதிரணிகள் ஒவ்வொன்றின் வெற்றியிலிருந்தும் தோல்வியைக் கழித்துக் கூட்டுகிறார்கள். பலசாலியோடு மோதிய அணிக்கு அதில் நியாயம் கிடைக்கிறது.

2024இல் டீ1 அணி (தேயிலைக் கொம்பனி மாதிரிப் பெயர், ஆனால் கொரியாக்காரர்கள்) அந்தச் சுவிஸ் கட்டத்தின் முதல் ஆட்டத்திலேயே டாப் இஸ்போர்ட்ஸிடம் தோற்றது. அப்புறம் மூன்றை வென்று மேலே போய், லண்டனில் கோப்பையையும் தூக்கியது. அதற்கு முந்தின வருஷமும் சுவிஸில் ஒன்றைத் தோற்றுத்தான் சாம்பியன் ஆனது. உங்கள் அட்டவணையில் டீ1இன் நட்சத்திர வீரர் ஃபேக்கரே முதல் நாள் மூட்டை கட்டியிருப்பார்.

தகுதிச் சுற்று ஆடாமலே வருவதற்கான நேரடி அழைப்புக்குரிய புள்ளியைக் கொழும்பு மண்டபப் போட்டிகளில் மட்டும் கொடுப்பதையும் ஒருமுறை யோசியுங்கள். ஐந்து பேர் பஸ் காசும் தங்குமிடமும் பார்த்து வருவதென்றால் வீட்டில் கேட்கவே வாய் வராது.

வேலை கூடும், தெரியும். 16 அணிக்கு நாக்கவுட் என்றால் 15 மோதல், சுவிஸ் என்றால் 33. நடுவர் பார்க்க ஆள் போதாவிட்டால் சொல்லுங்கள். முதல் சுற்றில் தோற்றுவிட்டுச் சும்மா இருக்கும் பையன்கள் இந்தப் பக்கம் நிறைய. நானும் வருவேன், மழையில்லாத இரவாகப் பார்த்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
குசினி ஜன்னலோரத்திலிருந்து ஒருவன்